கண்ணாடித் தொட்டியில் கூட்டுக்குடித்தனம்

கேள்வி: 2 அடி தொட்டியில் கோல்ட்ஃபிஷ் 2, கப்பி 6, டைகர் பார்ப் 3, ஏஞ்சல் 2 என்று சேர்த்து விட்டதில், ஒரே மாதத்தில் கப்பிகள் எல்லாம் வால் கரைந்து செத்துவிட்டன. ஒரு கோல்ட்ஃபிஷும் போய்விட்டது. தண்ணீர் வாராவாரம் மாற்றப்படுகிறது. தவறு எங்கே? (வாசகர், ஈரோடு)

பதில்: தனித்தனியே எடுத்துக்கொண்டால் இந்த நான்குமே எளிதில் வளரும் மீன்கள். கடைகளில் அதிகம் விற்பவையும் இவைதான். ஒரே தொட்டியில் போட்டால் ஒன்றுக்கொன்று ஆகாதவை.

டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஓடைகளில் கூட்டமாகத் திரியும் மீன். அந்தக் கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்ற தகராறு நாள் முழுக்க நடக்கும். ஒன்றை ஒன்று துரத்தும், இடித்துத் தள்ளும். 8, 10 மீன்கள் இருந்தால் அந்தச் சண்டை கூட்டத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும். 3 மட்டும் இருந்தால் துரத்த ஆள் போதாமல், பக்கத்தில் வாலை விசிறிக்கொண்டு மெதுவாகப் போகும் மீனைக் கடிக்கத் தொடங்கும். கப்பியின் வாலில் முதலில் தெரிவது ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. ஓரிரு நாளில் அந்த ஓரம் வெளுக்கும். அதன்மேல் பஞ்சு ஒட்டினாற்போல் பூஞ்சை படரும். பிறகு வால் அடிவரை கரையும். இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் அதிகம். கடித்தவன் அதே தொட்டியில் இருக்கும்வரை மருந்து வேலை செய்யாது. ஏஞ்சலின் வயிற்றுக்குக் கீழே நூல்போல் தொங்கும் இரண்டு துடுப்புகளுக்கும் இதே கதிதான் நேரும்.

ஏஞ்சலும் பார்க்கத்தான் சாது. அமேசான் ஆற்றுப் படுகையில் சிறு மீன்களைப் பிடித்துத் தின்று வாழும் இனம் அது. கடையில் 5 ரூபாய் நாணய அளவில் இருப்பது, ஒழுங்காகத் தீனி கிடைத்தால் ஓராண்டுக்குள் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். அப்போது அதன் வாயில் ஒரு கப்பியோ நியான் டெட்ராவோ முழுதாக நுழையும். சண்டை, சத்தம் எதுவும் இருக்காது. காலையில் விளக்கைப் போட்டு எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

கோல்ட்ஃபிஷ் போனதற்குக் காரணம் வேறு. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டு வரும் இந்த மீன், கெண்டை இனத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த நீருக்குப் பழகியது. 18 முதல் 23 டிகிரி வரை அதற்கு இதம். தமிழ்நாட்டுக் கோடையில் வீட்டுத் தொட்டி 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. கோல்ட்ஃபிஷுக்கு இரைப்பை கிடையாது. தின்றுகொண்டே இருக்கும், கழித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கழிவு மற்ற மீன்களையும் சேர்த்துத் தாக்கும். கோல்ட்ஃபிஷுக்கு நல்ல துணை இன்னொரு கோல்ட்ஃபிஷ் மட்டுமே. அதிலும் ஒராண்டா, ரியூகின் போன்ற குண்டு உடல் வகைகளை, சிட்டாகப் பறக்கும் காமெட் வகையோடு சேர்க்கக் கூடாது. தீனி விழுந்தால் காமெட் தின்று முடித்த பிறகுதான் ஒராண்டா வந்து சேரும்.

ஆக, இந்த நான்கு வகைகளில் 2 அடி தொட்டிக்குக் கடைசிவரை பொருந்தக்கூடியது செத்துப்போன கப்பி ஒன்றுதான்.

கேள்வி: கடையில் எல்லா வகை மீனும் ஒரே தொட்டியில் சண்டையில்லாமல் நீந்துகின்றனவே, வீட்டில் மட்டும் ஏன் முடிவதில்லை? (வாசகி, தாம்பரம்)

பதில்: கடையில் இருப்பவை பெரும்பாலும் குட்டிகள். பருவம் வராத மீனுக்கு எல்லை, இணை என்ற சண்டை இல்லை. தவிர, கடைத்தொட்டியில் நெரிசல் அதிகம். எந்த மீனாலும் ஒரு மூலையைத் தன்னுடையது என்று பிடித்துவைக்க முடியாது. ஒரு மீன் அங்கே தங்குவதும் சில நாட்களுக்குத்தான். சென்னை கொளத்தூரில் வரிசையாக இருக்கும் வண்ணமீன் கடைகளில் ஒரு சுற்று வந்தால், "எல்லாம் ஒண்ணாப் போகும் சார்" என்ற பதில் பலமுறை காதில் விழும். அன்றைக்கு அது உண்மைதான். 6 மாதம் கழித்து அது உண்மையாக இருக்குமா என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. "இது முழுசா வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?" என்று கேட்டால் போதும். பதிலில் கடைக்காரர் தடுமாறினால் அந்த மீனை அன்றைக்கு வாங்காமல் வருவது நல்லது.

கேள்வி: வீட்டில் போர் தண்ணீர். கடுமையான உப்பு. நியான் டெட்ரா 3 முறை வாங்கியும் நிற்கவில்லை. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: எந்த மீனோடு எந்த மீன் என்று யோசிப்பதற்கு முன்பு, எந்தத் தண்ணீரோடு எந்த மீன் என்று பார்க்க வேண்டும். குழாய் முனையிலும் வாளியிலும் வெள்ளைப் படிவு ஏறுகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது என்றால் அது கடின நீர். சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்திருக்கும், காரத்தன்மையும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். நியான் டெட்ரா அதற்கு நேர் எதிரான தண்ணீரிலிருந்து வந்த மீன். அமேசான் காட்டோடைகளில் இலைகள் ஊறி, தேநீர் நிறத்தில், அமிலத்தன்மையோடு, ஏறக்குறைய மழைநீர் மாதிரி மென்மையாக ஓடும் தண்ணீர் அது. பண்ணையில் பிறந்த நியான் ஓரளவு தாங்கும். கொங்குநாட்டு ஆழ்குழாய் நீரில் பி.எச். 8-ஐத் தாண்டும் இடத்தில் அதை நிறுத்திவைப்பது கஷ்டம்.

பலரும் செய்வது பி.எச். குறைக்கும் மருந்தை வாங்கி ஊற்றுவது. கடின நீரில் உள்ள கார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிவிடும். இன்று 7-க்கு இறங்கிய பி.எச். ஓரிரு நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம், நிலையாக இருக்கும் 8-ஐவிட மீனுக்குக் கெடுதல். பாதாம் மர இலையைப் போடுவதும் இப்படித்தான்: தண்ணீருக்கு நிறம் வரும், கடின நீரின் பி.எச். பெரிதாக அசையாது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தவறு. அதில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் பி.எச். நிலைகொள்ளாது. போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்து, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அதே அளவில் கலக்கும் பொறுமை இருந்தால் டெட்ரா வைக்கலாம்.

அதைவிட எளிய வழி, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுப்பது. மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் மூன்றும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளின் கடின நீருக்குப் பழகியவை. கப்பியும் கடின நீரைத் தாங்கும். மோலி மென்மையான நீரில் உடம்பை ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் தள்ளாடும். கடின நீரில் அதே மீன் பளபளவென்று இருக்கும். நியூகினி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரெயின்போ மீன்களும் இந்த நீரில் நன்றாக நிறம் ஏறும். அவற்றுக்கு 4 அடி தொட்டி வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்ளிட் வகைகளுக்கு பி.எச். 8 சொந்த வீடு மாதிரி. ஆனால் அவை முரட்டு மீன்கள். அவற்றைத் தங்களுக்குள் மட்டும், கல் பொந்துகள் நிறைய வைத்து வளர்க்க வேண்டும். மோலியையும் மலாவி சிக்ளிட்டையும் ஒரே தண்ணீர் தாங்கும். அதற்காக ஒரே தொட்டி தாங்காது.

கேள்வி: 2 அடி தொட்டியில் எத்தனை மீன் விடலாம்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கடைகளில் 2 அடி தொட்டி என்றால் பொதுவாக 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 2 கன அடி என்றால் 56 லிட்டர். அடியில் கூழாங்கல், மேலே 2 அங்குல இடைவெளி போனால் உண்மையில் நிற்பது 45 லிட்டர். சிறிய, ஒல்லியான மீன்களுக்கு லிட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று ஒரு வழக்கமான கணக்கு உண்டு. மீனின் இன்றைய நீளத்தை வைத்து அல்ல, முழு வளர்ச்சி நீளத்தை வைத்துக் கூட்ட வேண்டும். 4 சென்டிமீட்டர் வளரும் ஜீப்ரா டேனியோ 6, 5 சென்டிமீட்டர் வளரும் பிளாட்டி 3 என்றால் 39 வருகிறது. அந்தத் தொட்டிக்கு அது சரியான கூட்டம். பார்க்கக் காலியாகத் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை இன்னும் 4 வாங்கி வரத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் மீன் வளர்ப்பில் பாதி.

இந்தக் கணக்கு பெரிய மீனுக்குப் பொருந்தாது. 3 சென்டிமீட்டர் கப்பி 10 இருந்தால் மொத்தம் 30 சென்டிமீட்டர்; ஒரு ஆஸ்கர் மீனும் 30 சென்டிமீட்டர். நீளம் 10 மடங்கு கூடும்போது அகலமும் பருமனும் அதேபோல் கூடுவதால், ஒரு ஆஸ்கரின் எடை ஏறக்குறைய 1000 கப்பிகளின் எடை. தின்பதும் கழிப்பதும் எடையைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததல்ல.

எண்ணிக்கையோடு மட்டத்தையும் பார்க்க வேண்டும். டேனியோ மேல்மட்டத்தில் ஓடும். டெட்ரா, பார்ப் நடுவில். கொரிடோராஸ் தரையைக் கிளறிக்கொண்டிருக்கும். ஒரே மட்டத்து மீன்களாக 15 விட்டால் நெரிசல். மூன்று மட்டத்துக்கும் பிரித்து விட்டால் அதே 15 மீன்கள் ஒன்றை ஒன்று இடிக்காது. கொரிடோராஸுக்குக் கூர்மையான கல் தரை ஆகாது, மீசை தேய்ந்துவிடும். ஆற்றுமணலைச் சலித்து, பலமுறை கழுவிப் போடுவது நல்லது.

கேள்வி: குழந்தைகள் ஆசைப்பட்டு "ஷார்க்" 4, "பிரானா" 2, கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் மீன் வாங்கினார்கள். 3 அடி தொட்டி போதுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: போதாது. 6 அடி தொட்டியும் போதாது. இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் வெள்ளிநிறத்தில் 3 அங்குலம் இருக்கும் அந்த "ஷார்க்" சுறா அல்ல, கெளுத்தி இனம். மேகாங், சாவோ பிரயா ஆறுகளைச் சேர்ந்தது. முழு வளர்ச்சியில் 1 மீட்டரைத் தாண்டும், 40 கிலோ வரை எடை போகும். நம்மூரிலும் குளங்களில் வளர்க்கப்பட்டு, ஓட்டல்களில் முள்ளில்லாத "பாசா" துண்டுகளாகத் தட்டுக்கு வருவதும் இதே மீன்தான். கூட்டமாகத் திரியும், பார்வை மங்கல், பயந்த சுபாவம். யாராவது விளக்கைச் சட்டென்று போட்டால் கண்ணாடியில் போய் முட்டிக்கொள்ளும். தொட்டியில் வளர்ந்த ஷார்க்குகள் பலவற்றின் மூக்கு நுனி வெளுத்துத் தேய்ந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

"பிரானா" என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பாக்கு. வயிறு சிவந்து, பார்வைக்குப் பிரானா போலவே இருக்கும். வாயைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிரானாவுக்கு முக்கோணமான வெட்டும் பற்கள். பாக்குவுக்கு மனிதக் கடைவாய்ப்பல் மாதிரி தட்டையான பற்கள், கொட்டைகளையும் பழங்களையும் உடைக்க. இதையும் மீன் மார்க்கெட்டில் பார்க்கலாம், அங்கே இதன் பெயர் ரூப்சந்த். தொட்டியில் வளரும் பாக்கு தன் வாயில் நுழையும் எந்த மீனையும் விடாது, செடிகளையும் மொட்டையடிக்கும்.

சக்கர் மீன்தான் எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது. பாசியைச் சுரண்டித் தின்னும் என்று விற்கப்படுகிறது. குட்டியாக இருக்கும்போது தின்னவும் செய்யும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 45 சென்டிமீட்டர் வரை வளரும். வளர வளரப் பாசியில் நாட்டம் குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீனிக்கு வந்துவிடும். ராத்திரியில் தட்டையான, மெதுவான மீன்களின்மேல் ஒட்டிக்கொண்டு அவற்றின் உடல் வழவழப்பைச் சுரண்டும். காலையில் ஏஞ்சலின் பக்கவாட்டிலோ கோல்ட்ஃபிஷின் முதுகிலோ செதில் உரிந்து, வட்டமாகச் சிவந்த புண் தெரிந்தால் குற்றவாளி இவன்தான். சுத்தம் செய்ய வாங்கிய மீன் போடும் எச்சம், தொட்டியில் உள்ள மற்ற எல்லா மீன்களின் எச்சத்தைவிட அதிகமாக இருக்கும். கண்ணாடிப் பாசியைத் துடைக்க ஒரு பழைய ஸ்பான்ஞ் போதும். சோப்பு மட்டும் படக் கூடாது.

"ரெட் டெயில் ஷார்க்" வேறு மீன். கறுப்பு உடலும் சிவப்பு வாலும் கொண்டது, 12 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். 3 அடி தொட்டிக்கு அது பொருந்தும், ஒன்றே ஒன்று மட்டும். இரண்டாவதை விட்டால் முதலாவது அதை ஓயவிடாமல் துரத்திக் கொல்லும்.

கேள்வி: ஃபைட்டர் மீனைத் தனியாகத்தான் வைக்க வேண்டுமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: 2 ஆண் ஃபைட்டர்கள் ஒரே தொட்டியில் கூடவே கூடாது. தாய்லாந்தில் பல தலைமுறையாகச் சண்டைக்கென்றே பொறுக்கி எடுத்து வளர்க்கப்பட்ட இனம் இது; 2019-ல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. மற்ற மீன்களோடு வைப்பது ஆளைப் பொறுத்தது. ஆண் கப்பியின் விரிந்த வண்ண வால் இன்னொரு ஃபைட்டரைப்போல் தெரிவதால் அதை அடிக்கும். டைகர் பார்ப் இருந்தால் கதை தலைகீழ், ஃபைட்டரின் வால்தான் கந்தலாகும். கௌராமி அதன் நெருங்கிய உறவு, அதனாலேயே ஆகாது. அடித்தரையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொரிடோராஸ் கூட்டத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகும்.

ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு உடையது. அதனால்தான் ஏர் பம்ப் இல்லாமலும் உயிரோடு இருக்கிறது. அதை வைத்து, ஊறுகாய் பாட்டிலில் வளர்க்கலாம் என்று முடிவுகட்டுவது கொடுமை. காற்று மேலிருந்து கிடைக்கும், கழிவு எங்கே போகும்? 15 லிட்டராவது வேண்டும், ஃபில்டரின் நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஃப்ளவர்ஹார்னுக்குத் துணை? (வாசகர், சேலம்)

பதில்: கிடையாது. 1990-களில் மலேசியாவில் பல சிக்ளிட் வகைகளைக் கலந்து உருவாக்கப்பட்ட மீன் இது. தொட்டி முழுவதும் தனது என்று நினைக்கும். தடுப்புக் கண்ணாடி வைத்தாலும் அந்தப் பக்கத்து மீனைப் பார்த்து முட்டிக்கொண்டே இருக்கும். 4 அடி தொட்டியில் தனியே விட்டால், தொட்டிக்கு முன்னால் வந்து நிற்கும் ஆளை அடையாளம் கண்டு ஓடிவரும்; அதுவே அதற்குத் துணை.

ஆஸ்கர் கொஞ்சம் மேல். 6 அடி தொட்டியில் 2 ஆஸ்கரோடு, 15 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்த சில்வர் டாலர் கூட்டத்தை வைக்கலாம். பிளட் பேரட் தைவானில் உருவான கலப்பினம், வாய் முழுதாக மூடாது. சரியாகக் கடிக்க முடியாத அந்த மீனை ஆஸ்கரோடோ ஃப்ளவர்ஹார்னோடோ விடுவது கையைக் கட்டிவிட்டு மல்யுத்தத்துக்கு அனுப்புவது போல.

கேள்வி: கண்மாயிலும் ஆற்றிலும் பிடித்த மீன்களை வண்ணமீன்களோடு விடலாமா? (வாசகர், மானாமதுரை)

பதில்: எந்த மீன் என்பதைப் பொறுத்தது. விரால் குஞ்சு பார்க்க அழகு. செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து போகும். தொட்டியில் வளர்ந்தால் கூட இருக்கும் எல்லாவற்றையும் தின்னும், மூடியில்லாத தொட்டியிலிருந்து தாவியும் விடும். கெளுத்தியின் பக்கத்து முள் மற்ற மீனைக் கிழிக்கும், வலை போட்டு எடுக்கும்போது கையையும் கிழிக்கும். கட்லா, ரோகு குஞ்சுகள் அமைதியானவைதான். கட்லா 1 மீட்டர் வளரும் என்பதுதான் தொல்லை. சேற்றுத்தரையில் வாழும் அயிரை சின்னது, சாது. மணல் தரை உள்ள தொட்டியில் கப்பி, பிளாட்டியோடு சிக்கலின்றி இருக்கும். பிடித்து வந்த எந்த மீனையும் 3 வாரம் தனி வாளியிலோ டப்பிலோ வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். ஒட்டுண்ணிகள் அதோடு வந்திருக்கும்.

கூட்டுத் தொட்டிக்கு உலகம் முழுக்க முதலில் பரிந்துரைக்கப்படும் ஜீப்ரா டேனியோ நம் நாட்டு மீன் என்பது பலருக்குத் தெரியாது. கங்கை ஆற்று மீன்களைப் பற்றிய நூலில் 1822-ல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் அதை விவரித்தார். 20 டிகிரியும் தாங்கும், 30 டிகிரியும் தாங்கும், கடின நீரும் பரவாயில்லை. மெதுவான, நீண்ட துடுப்பு மீன்களோடு மட்டும் வேண்டாம். அதன் ஓட்டமே அவற்றைக் களைப்பாக்கும்.

"மிஸ் கேரளா" என்று விற்கப்படும் சிவப்புக்கோட்டு மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கு மட்டுமே உரியது. 1865-ல் ஃபிரான்சிஸ் டே விவரித்த இந்த இனம், தொட்டிகளுக்காக அளவில்லாமல் பிடிக்கப்பட்டு இன்று அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் பொரித்த குஞ்சு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கலாம். 15 சென்டிமீட்டர் வளரும், கூட்டமாக இருக்கும், வேகமான நீரோட்டம் கேட்கும். கூட இருப்பவையும் பெரிய பார்ப் வகைகளாக இருக்க வேண்டும். உடல் வழியே எலும்பு தெரியும் கண்ணாடி மீன் நம்மூர் நீர்நிலைகளில் உண்டு. கடையில் அது இளஞ்சிவப்பு, பச்சைக் கோடுகளோடு இருந்தால் ஊசியால் ஏற்றிய சாயம் அது. நிறம் சில மாதத்தில் மங்கிவிடும், அதுவரை மீன் உயிரோடு இருந்தால்.

கேள்வி: கப்பி குட்டி போட்டுப் பெருகிக்கொண்டே போகிறது. என்ன செய்வது? (வாசகி, வேலூர்)

பதில்: பெண் கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைச் சேமித்துவைத்து, ஆண் இல்லாமலே பல மாதங்கள் குட்டி போடக்கூடியது. திரினிடாடிலிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு இந்த மீனை அனுப்பிய ராபர்ட் கப்பியின் பெயர் 1866-ல் இதற்கு ஒட்டிக்கொண்டது. பிறகு கொசுப்புழு தின்னும் என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டதில், இன்று சாக்கடையிலும் இருக்கிறது. பெருக்கம் வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குவது ஒரே வழி. ஆண், பெண் சேர்த்து வைப்பதானால் 1 ஆணுக்கு 3 பெண். இல்லாவிட்டால் ஆண் மீன் பெண் மீனை ஓயவிடாமல் துரத்தியே கொன்றுவிடும்.

கேள்வி: புது மீனை ஏற்கெனவே இருக்கும் மீன்களோடு சேர்ப்பது எப்படி? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: புதுத் தொட்டி என்றால் முதலில் தண்ணீர் பக்குவப்பட வேண்டும். மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்பு 10 மீன் விட்டால், எவ்வளவு பொருத்தமான ஜோடியாக இருந்தாலும் சாகும். அம்மோனியாவின் நஞ்சுப் பகுதி பி.எச். 7-ல் இருப்பதைவிட 8-ல் சுமார் 10 மடங்கு அதிகம். போர் தண்ணீர் வீடுகளில் புதுத் தொட்டி மீன்கள் சட்டென்று சாவதற்கு இது ஒரு காரணம். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டியின் ஃபில்டர் ஸ்பான்ஞ்சில் ஒரு துண்டை வாங்கிவந்து போட்டால் காத்திருப்பு பாதியாகக் குறையும். குளோரின் கலந்த மாநகராட்சித் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்திருந்து பயன்படுத்த வேண்டும், அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டுமருந்து விட வேண்டும்.

வாங்கிவந்த மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், தனித்தொட்டியில் 2, 3 வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது. உடம்பில் ரவை தூவினாற்போல் தெரியும் வெள்ளைப்புள்ளி நோய் அதற்குள் வெளிப்பட்டுவிடும். தொட்டிக்கு மாற்றும்போது பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் கீழே போகட்டும்.

வரிசையும் முக்கியம். சாதுவான கூட்டமீன்கள் முதலில், எல்லை பிடிக்கும் மீன் கடைசியில். ஏஞ்சலையோ கௌராமியையோ முதலில் விட்டுவிட்டுப் பிறகு டெட்ராவைக் கொண்டுவந்தால், பழைய ஆள் புதியவர்களை வந்தேறிகளாகவே பார்ப்பான். அப்படி ஆகிவிட்டால், புது மீனை விடும் அன்று கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்து, விளக்கை அணைத்துவிட வேண்டும். காலையில் எல்லோருக்கும் அது புது வீடாக இருக்கும்.

கேள்வி: சக்கர் மீன் 1 அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: கூடாது. தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் வலை போடுபவர்களுக்கு இன்று இந்த மீன் பெரிய தொந்தரவு. கவசம் போன்ற செதிலும் முள்துடுப்பும் வலையில் சிக்கி வலையைக் கிழிக்கின்றன. விற்க விலையும் இல்லை. கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், ஆக்சிஜன் குறைந்த கலங்கல் நீரிலும் தாக்குப்பிடிக்கும். கெண்டை, குரவை முட்டையிடும் இடங்களை இது கைப்பற்றுகிறது. இந்தச் சக்கர் மீன்கள் எல்லாமே ஏதோ ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்தோ பண்ணையிலிருந்தோ வந்தவை. தென்னமெரிக்காவிலிருந்து தானாக நீந்தி வந்தவை அல்ல. வாங்கிய கடையில் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம், சில கடைகள் பணம் தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்ளும். பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளர்களும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவரும் கிடைக்காதவரை அது அந்தத் தொட்டியிலேயே இருக்கட்டும். மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, மீதி இடம் முழுவதையும் அதற்கே விட்டுவிடுவதுதான் இப்போதைக்குச் செய்ய முடிந்தது.